உதிரி

பாலாய் ராயாவில் மின்விசிறி மூன்று. ஓடுவது ஒன்று.
அதன் கீழே வரிசை.
வரிசையில் நின்றாலே பேர் கெட்டுவிடும் என்று
பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்,
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.
மழை இல்லை.

கல்லீரல் என்றால் சம்சு.
ஊத்தான் மெலிந்தாங்கில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.
மூன்று சாவு பார்த்த சந்து எங்களுடையது.
வயிறு மட்டும் நிறைமாதமாய்,
கண்ணில் மஞ்சள் கரைத்து,
ஈப்போவுக்குக் கிளம்பிப்
பாதி வழியில் திரும்பிய வேன்கள்.

மிஸ்ஸி சல்வா ரத்தம் எடுத்தாள்.
தினேஸ்வரி டேப்லட்டில் தட்டினாள்:
வயசு, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை,
போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும்
கிளினிக் அட்டையில் தூங்கிய எண்கள்.
எல்லாவற்றையும் மென்றுவிட்டு
பத்து வருஷத்துக்கு அப்பால்
எட்டிப் பார்க்குமாம் அது.

முடிவு வந்த அன்று
அப்பளசாமிக்கு மஞ்சள்.
மங்களகரமான நிறம் என்று
சாயங்காலமே ஒரு கேன் உடைத்தான்.

எனக்குச் சிவப்பு.

கோயில் உண்டியல் சாவி என்னிடம் இருக்கிறது.
பீர் மூடியைக்கூட முகர்ந்தவனில்லை.
மெஷின் ஆள் மாறிப் பார்த்திருக்கு என்றேன்.
தினேஸ்வரி திரும்பத் தட்டினாள்.
திரும்பவும் நான்தான்.

"லோரியில என்னண்ணே குடிப்பீங்க?"
தே தாரிக்.
"ஒரு நாளைக்கு எத்தனை?"
எண்ணத் தொடங்கியவன் ஏழில் நிறுத்திக்கொண்டேன்.
பால்டின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்
காதுக்குள் கேட்டது.

வலிக்கவே இல்லையே.
"அது வலிக்காதுண்ணே. அதான் கஷ்டம்."
திரும்புமா?
"இப்பவே பிடிச்சா."

எங்கள் சந்தின் படத்தைக் காட்டினாள், பேர் இல்லாமல்,
வெறும் புள்ளிகளாய்.
எந்த வீட்டில் புட்டி உருளும், எந்த வீட்டில் உருளாது
என்று தெரிந்தவன் நான்.
சிவப்புக்குத் தெரியவில்லை.

அன்றிரவு வலது விலாவுக்குக் கீழே
கை வைத்துப் படுத்திருந்தேன்,
தூங்குகிற அடுத்த வீட்டுக் குழந்தையைத் தொடுவது போல.
ஈரக்குலை நடுங்குதுடி என்று
குமுதவள்ளியிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
வேலை போனபோது, மகளுக்கு வலிப்பு வந்தபோது.
குலை என்று ஒன்று நிஜமாகவே
உள்ளே தொங்குவது இப்போதுதான் தெரிகிறது.

லோரிக்கு முன்னால்
பதினோரு வருஷம் குலை வெட்டியவன்.
பழுத்துவிட்டேன் என்று செம்பனை சொல்லாது.
முப்பது அடி உயரம். மட்டைக்குள் இருட்டு.
அண்ணாந்து பார்ப்பவன் வேலைக்குப் புதுசு.
பழகினவன் தரையைப் பார்ப்பான்.
உதிரி ஒன்று கிடந்தால் விட்டுப் போ.
ஐந்து கிடந்தால் கழியை நிமிர்த்து.
அதை யாரும் ஜோசியம் என்று சொன்னதில்லை.

மறுநாள் மாமாக் கடையில்
மெல்லத்தான் சொன்னேன், தே ஓ கோசோங்.
பையன் மெல்லப் பேசக் கற்றவனில்லை.
"தே ஓ கோசோங் சத்தூஊ!"
கடையே திரும்பியது.
"என்ன, சிவப்பா?" என்றார்
கச்சாங் பூத்தே விற்கும் வைரக்கண்ணு.
சிவப்பு என்றேன்.
சீனியில்லாத தேத்தண்ணி
வேலிக்கம்பியை நக்கிய மாதிரி இருந்தது.

புதன்கிழமை மூலை மேசையில் ஒரு கோசோங்.
முகத்தைப் பார்க்கவில்லை நான்.
வெள்ளிக்கிழமை ரஃபிக், வங்காளம் கலந்த மலாயில்.
சுவரோரம் நின்றவர்களில் அவனும் ஒருவன்.
அடுத்த வாரம் வைரக்கண்ணு,
யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அப்புறம் நேற்று அப்பளசாமி:
"தேத்தண்ணி மட்டும்தான்டா கோசோங்.
மத்ததைப் பிறகு பார்ப்போம்."

கிளாஸைக் கீழே வைத்தேன்.
என்னையும் சேர்த்து
ஐந்து.